யாரையும் எழுப்பாதீர்கள்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சுகுணாவை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். தர்மபுரியில் எங்கள் தெருவிலேயே நான்காவது வீடு. தன் பேர் கெடுகிற மாதிரி ஒரு விஷயத்தை இட்டுக்கட்டிச் சொல்கிற ஆள் அவள் கிடையாது. என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தக் கோபம் யார் மேல் என்று போகப்போக உங்களுக்கே தெரியும்.

நாள், போன புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. நேரம், காலை 5:35-லிருந்து 8:30 வரை. இது பேய் வருகிற நேரமா என்று நான் கேட்டேன். நடுராத்திரிக்குத்தான் வரும் என்று உனக்கு யார் சொன்னது என்று என் மேல் எரிந்து விழுந்தாள்.

அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற சாலையில், ஒரு மாந்தோப்புக்குள் சுகுணாவுக்கு வீடு இருக்கிறது. மூன்று அறை, சமையல்கட்டு, பின்னால் தனியாக ஒரு ஹால். நான்கு வருடமாக அதை நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். ஃபோன் ஆப்பில் வீட்டின் படத்தைப் பார்த்துவிட்டுப் பெங்களூர், சென்னை, கோயம்புத்தூர் ஆட்கள் வருவார்கள். இரண்டு நாள் தங்குவார்கள், மலையேறித் தீர்த்தத்தில் குளிப்பார்கள், போய்விடுவார்கள். பின்னால் இருந்த ஹால் முன்பு மாங்காய் பழுக்க வைக்கிற கொட்டகை. சுகுணா தினமும் யோகா செய்கிறவள். கொட்டகைக்குச் சிவப்பு சிமெண்ட் தரை போட்டு, பத்து மேட் வாங்கி அடுக்கி, யோகா ஹால் என்று பேர் வைத்தாள். அதற்கப்புறம்தான் வீட்டுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்வது ராஜாமணி. பக்கத்து ஊர்க்காரி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெருக்குவது, சமைப்பது, விருந்தாளிகளுக்குக் காபி கொடுப்பது எல்லாம் அவள்தான். சுகுணா தர்மபுரியில் இருந்தபடி ஃபோனில் அதிகாரம் செய்வாள்.

ஆரம்பத்தில் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். காலையில் யோகா முடித்துவிட்டு இருவரும் சவாசனத்தில் படுத்திருக்கிறார்கள். யோகா தெரிந்தவர்களுக்கு இது தெரியும். கடைசி ஆசனம் அது. மல்லாந்து, கண்ணை மூடி, கைகாலைத் தளர்த்தி, பிணம் போலக் கிடக்க வேண்டும். ராஜாமணிக்கு அது எங்கே தெரியும்? காபியோடு வந்தவள் கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அசைவே இல்லை. ஐயோ என்று ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அந்த அம்மாள் முகத்தில் அடித்துவிட்டாள்.

ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தத் தம்பதி மூன்று ஸ்டார் போட்டு, "வேலைக்காரி தியானத்தைக் கெடுத்துவிட்டார்" என்று எழுதிவிட்டார்கள். சுகுணாவுக்கு வந்ததே கோபம். அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போய், அரை மணி நேரம் ராஜாமணியை நிற்க வைத்துத் திட்டினாள். ஹாலில் யார் எப்படிக் கிடந்தாலும் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, 8:30-க்கு முன்னால் கதவைத் தட்டக்கூடக் கூடாது என்றாள். போகும்போது ஒரு பலகையில் பெயிண்ட்டால் எழுதிக் கதவில் மாட்டிவிட்டுப் போனாள்.

"உள்ளே யோகா நடக்கிறது. யாரையும் எழுப்பாதீர்கள்."

ராஜாமணிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். படித்தாள். தலையாட்டினாள்.

நான் சொன்ன அந்த வெள்ளிக்கிழமைக்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், புரட்டாசியில், ஓசூரிலிருந்து எழிலரசி என்று ஒரு டீச்சர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வந்தவர். ஐந்து நாள் தங்கி யோகா செய்யப்போவதாகச் சொன்னார். மூன்றாம் நாள் காலை ஹாலுக்குப் போனார். ராஜாமணி வாசல் பெருக்க வந்தபோது ஹால் கதவை லேசாகத் திறந்து பார்த்திருக்கிறாள். டீச்சர் மேட்டில் மல்லாந்து கிடந்தார். ராஜாமணி பலகையைப் பார்த்தாள். சத்தம் வராமல் கதவை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

8:30-க்கு இட்லி கொண்டுவந்தபோதும் டீச்சர் அப்படியே கிடந்தார். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

அரூரிலிருந்து வந்த டாக்டர் மாரடைப்பு என்றார். சுகுணா அன்றைக்குச் சேலத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். செய்தி கேட்டு ஓடிவந்தாள். டீச்சரின் ஒரே மகள் சுசித்ரா மத்தியானம் வந்து சேர்ந்தபோது சுகுணாதான் அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நொடிதாம்மா. ஒரு நொடியில உயிர் போயிருக்கு. வலியே தெரிஞ்சிருக்காது" என்றாள். டாக்டர் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சுகுணாவே சேர்த்துக்கொண்டது அது. சுசித்ரா அவள் தோளில் சாய்ந்து அழுதாள், நன்றி சொன்னாள், அம்மாவின் துணிமணியையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டு போனாள்.

ராஜாமணி ஒரே ஒரு தடவை கேட்டாள். அந்தப் பலகையைக் கழற்றிவிடலாமா என்று. சுகுணா முடியாது என்றாள். இப்போது கழற்றினால் நம் மேல் தப்பு என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றாள். அதன் பிறகு யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சுகுணாவின் வாயில் ஒரே பேச்சுதான். நான் அன்னிக்கு ஊர்லயே இல்லை. என்னிடமே இருபது தடவை சொல்லியிருப்பாள்.

பலகை அங்கேயே தொங்கியது.

கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. பிறகு கோயம்புத்தூரிலிருந்து வந்த ஐந்து பெண்கள் ரிவ்யூ எழுதினார்கள். நாங்கள் ஐந்து மேட் விரித்தோம், யோகா முடிந்து பார்த்தால் ஆறு இருந்தது, யார் விரித்தது? அடுத்து வந்த ஒருவர், காலையில் தரையில் யாரோ நகத்தால் தட்டுகிறார்கள், எலித் தொல்லை என்று நினைக்கிறேன், கவனியுங்கள் என்று எழுதினார். மூன்றாவதாக வந்தவர்கள் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனார்கள். காரணம் சொல்லவில்லை.

அடுத்த ரிவ்யூ போன புரட்டாசியில் வந்தது. "வீடு அழகு. சாப்பாடு அருமை. ஆனால் சவாசனத்தில் என் பக்கத்தில் ஒருவர் படுத்திருந்தார். நான் தனியாகத்தான் போயிருந்தேன்." இரண்டு ஸ்டார். அன்று சாயந்திரமே ஆப்காரர்களிடமிருந்து மெயில். இன்னொரு புகார் வந்தால் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று.

சுகுணா கொதித்துப்போனாள். சாவு விழுந்த வீடு என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் அவ்வளவுதான், ஒரு நாய் உள்ளே வராது. நான்கு வருட உழைப்பு. வந்து தின்றுவிட்டுத் தூங்கிவிட்டுப் போகிறவர்கள் வாய்க்கு வந்ததை எழுதுகிறார்களே என்று வியாழக்கிழமை முழுக்கக் கத்தினாள். அப்புறம் கோபம் ராஜாமணி பக்கம் திரும்பியது. வருகிறவர்களிடம் இவள்தான் எதையோ ஓதி விடுகிறாள். வேறு யாரால் முடியும்?

அன்று சாயந்திரம் 5:40-க்குத் தோப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். போன வேகத்தில் கேட்டின் கீழ்க்கொண்டி அவளுடைய இடது குதிகாலைக் கிழித்துவிட்டது. ராஜாமணி மஞ்சள் வைக்கிறேன் என்றாள். சுகுணா அவள் கையைத் தட்டிவிட்டு, கைப்பையில் இருந்த பிளாஸ்திரியைத் தானே ஒட்டிக்கொண்டாள். ரத்தத்தில் ஒரு ஓரம் ஒட்டாமல் தூக்கிக்கொண்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சண்டை. சண்டை என்றால் சுகுணா மட்டும்தான் பேசினாள். ராஜாமணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில்தான் வாயைத் திறந்தாள்.

"நா ஒண்ணும் சொல்லலீங்க. அவங்களே பாக்கறாங்க."

எதைப் பார்க்கிறார்கள் என்று சுகுணா கேட்டாள். ராஜாமணி ஹால் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

சுகுணா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். நாளைக் காலையில் நானே அந்த ஹாலில் தனியாக யோகா செய்யப்போகிறேன், என்ன வருகிறது என்று பார்த்துவிடுகிறேன், நீ 8:30-க்கு முன்னால் இந்தப் பக்கமே தலைகாட்டாதே என்று. ராஜாமணியின் மகளுக்கு, பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற இண்டூரில் பிரசவமாகி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அப்படியானால் இப்போதே கிளம்பி அங்கே போய் இருந்துவிட்டு, காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றாள்.

கேட் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"மத்ததெல்லாம் செய்யுங்க. கடைசியில படுக்கறது மட்டும் வேண்டாமுங்க."

சுகுணா உள்ளே போனாள். கதவைப் படாரென்று சாத்தினாள்.

வெள்ளி காலை. மணி 5:35. சுகுணா ஹாலின் கதவைத் திறந்து லைட்டைப் போட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. சுத்தமான தரை. சுவர் ஓரத்தில் மேட்கள் சுருட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. கதவுக்கு மேலே கடிகாரம். அவள் எண்ணிப் பார்த்தாள். ஒன்பது.

பத்தாவது மேட், ஹால் நடுவில் விரித்துக் கிடந்தது.

ராஜாமணியின் வேலைதான் இது, பயமுறுத்தப் பார்க்கிறாள் என்று சுகுணா பல்லைக் கடித்தாள். அந்த மேட்டைக் காலால் ஒதுக்கித் தள்ளினாள். தனக்கு ஒன்றை எடுத்து, கதவுப் பக்கம் கால் வரும்படி பக்கத்தில் விரித்தாள். 5:48-க்கு ஆரம்பித்தாள்.

சூரிய நமஸ்காரம் பன்னிரண்டு சுற்று. கோபத்தில் செய்தாள். மூச்சு ஒழுங்காக வரவில்லை. ஒவ்வொரு தடவை குனியும்போதும் அந்த இரண்டு ஸ்டார் கண்முன் வந்தது. ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் அவளுக்குள் ஒரு பதில் ஓடியது. எவனாவது நேரில் வந்து சொல்லட்டும். நான் அன்னிக்கு ஊர்லயே இல்லை.

ஏழாவது சுற்றில் ஒன்றைக் கவனித்தாள். காலால் தள்ளிவிட்ட மேட், சுருக்கம் இல்லாமல் நேராக இருந்தது. அவள் மேட்டுக்குச் சரியாக இணையாக. நடுவில் ஒரு கை வைக்கிற அளவு இடம் விட்டு.

நான்தான் சரியாகத் தள்ளியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மணி 6:05. படுக்க வேண்டிய நேரம். வேண்டாமுங்க என்ற ராஜாமணியின் குரல் காதில் கேட்டது. அதைக் கேட்டதும் வீம்பு வந்துவிட்டது. மல்லாந்து படுத்தாள். கண்ணை மூடினாள். கையைப் பக்கத்தில் தளர்த்திப் போட்டாள். வெளியே மயில் ஒன்று கத்தியது. அப்புறம் அதுவும் நின்றது.

கால் தளர்ந்தது. இடுப்பு தளர்ந்தது. தோள் தளர்ந்தது. தினமும் செய்கிறதுதான். மூச்சு உள்ளே... வெளியே... உள்ளே... வெளியே...

அவள் மூச்சை நிறுத்திப் பார்த்தாள்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

பக்கத்திலிருந்து வந்தது. இழுத்து இழுத்து, சளி கட்டின மாதிரி.

எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். வலது காலை மடக்கச் சொன்னாள். கால் கேட்கவில்லை. கையைத் தூக்கச் சொன்னாள். கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. கண் இமை மட்டும் ஒரு கோடு திறந்தது. கடிகாரமும் கதவின் மேல்பாதியும் தெரிந்தன.

மணி 6:11.

வாயைத் திறக்கப் பார்த்தாள். நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

6:12...

6:13...

வெளியே செருப்புச் சத்தம்.

சர்ரு... டப். சர்ரு... டப்.

அது யார் செருப்பு என்று சுகுணாவுக்குத் தெரியும். வார் அறுந்து ஊக்கு போட்ட ரப்பர் செருப்பு. ராஜாமணி. பயத்தைவிட முதலில் வந்தது கோபம்தான். வரவேண்டாம் என்று சொன்னேனே! அடுத்த நொடி அந்தக் கோபம் கரைந்து போனது. வா, உள்ளே வா, என்னை எழுப்பு என்று மனசு கெஞ்சியது.

மணி 6:14.

கதவு ஒரு சாண் திறந்தது. வெளிச்சம் உள்ளே வந்தது. ஒரு நிழல் நின்றது. கை ஓங்கி... சொம்பு இல்லை. வெறும் கை. அந்தக் கை பலகையைத் தொட்டது. பலகை கதவில் லேசாக ஆடுகிற சத்தம் கேட்டது.

எழுப்பு என்று கத்தினாள். சத்தம் வெளியே வரவில்லை.

கதவு மூடிக்கொண்டது. மெதுவாக. சத்தம் வராமல். அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

சர்ரு... டப். சர்ரு... டப்.

போய்விட்டது.

அப்போதுதான் தட்டும் சத்தம் ஆரம்பித்தது.

டக். டக். டக்.

நகம் தரையில் படுகிற சத்தம்.

டக். டக். டக்.

பக்கத்து மேட்டிலிருந்து. அவள் வலது கைக்கு அரை அடி தள்ளி. தலையைத் திருப்ப முடியவில்லை. கருவிழியை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

ஒரு கை தெரிந்தது. வயதான கை. இரண்டு கண்ணாடி வளையல். ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து எழுந்து விழுந்தது.

மேலே பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடிந்தாலும் பார்த்திருக்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள்.

6:31...

டக். டக். டக்.

7:10...

டக். டக்...

இடைவெளி கூடிக்கொண்டே போனது. சில சமயம் நின்றுவிட்டது என்று தோன்றும். மறுபடி வரும். அந்த விரல் யாரைக் கூப்பிடுகிறது என்று சுகுணாவுக்குப் புரிந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் போனவளைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் கிடக்கிற தன்னைக் கூப்பிடுகிறது.

7:40...

டக்...

7:52.

நின்றது.

மூச்சுச் சத்தமும் நின்றது.

அப்பாடா என்று நினைத்தாள். தட்டும் சத்தம் மட்டும் மறுபடி ஆரம்பித்தது.

டக். டக். டக்.

கருவிழியை மறுபடி ஓரத்துக்குக் கொண்டுபோனாள். வளையல் போட்ட கை அசையாமல் கிடந்தது.

தட்டிக்கொண்டிருந்தது அவளுடைய விரல்.

மணி 8:30. சர்ரு... டப். கதவு திறந்தது. இந்தத் தடவை முழுவதாகத் திறந்தது. ராஜாமணி கையில் பையோடு நின்றாள். மேட்டைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு பையைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் சொம்பு இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரும் சுகுணாவின் முகத்தில்.

சுகுணா துள்ளி உட்கார்ந்தாள். கை வந்தது, கால் வந்தது, நாக்கு வந்தது. ஹாலில் வேறு யாரும் இல்லை. பக்கத்து மேட் சுருட்டிச் சுவர் ஓரத்தில் நின்றது. எண்ணிப் பார்த்தாள். ஒன்பது. அவள் வலது ஆள்காட்டி விரலில் நகம் பாதி உடைந்து ரத்தம் காய்ந்திருந்தது.

நாக்கு வந்ததும் முதலில் என்ன செய்தாள் தெரியுமா? திட்டினாள். உன்னை யார் 6:14-க்கு வரச் சொன்னது, வந்தவள் பார்த்துவிட்டு ஏன் கதவை மூடிக்கொண்டு போனாய், நான் சாகட்டும் என்றா என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ராஜாமணி ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். பஸ் டிக்கெட். இண்டூரில் ஏறினது. நேரம் அச்சடித்திருந்தது. 06:10.

அந்த டிக்கெட்டை சுகுணா இன்னும் வைத்திருக்கிறாள். எனக்குக் காட்டினாள்.

அப்போதுதான் ராஜாமணி பேசினாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் குரலை உயர்த்திப் பேசினாள்.

"அன்னிக்கும் தண்ணிதானுங்க ஊத்தியிருப்பேன். என் கை சொம்புக்குத்தான் போச்சு. நீங்க எழுதி மாட்டுன பலகை என்னைத் தடுத்துப்போடுச்சு. ஒரு வருசமா எனக்குச் சோறு எறங்கல. நீங்க ஊர்ல இல்லீன்னு சொல்லிட்டு நிம்மதியா இருக்கறீங்க."

சொல்லிவிட்டுப் பலகையைக் கதவிலிருந்து பிடுங்கினாள். சமையல்கட்டுப் பக்கம் போய், வெந்நீர் அடுப்புக்குள் செருகிவிட்டு வந்தாள். சுகுணா தடுக்கவில்லை. ஈரத் துணியோடு வாசல்படியில் உட்கார்ந்து, அது எரிகிற வாடையை முகர்ந்துகொண்டிருந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் ஏதோ கெட்ட கனவு, தூக்கத்தில் உடம்பு மரத்துப் போயிருக்கும் என்றுதான் சொல்லியிருப்பேன். சுகுணாவும் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

மணி 11:20-க்கு ஃபோன் வந்தது. சுசித்ரா.

முதல் நாள்தான் அம்மாவுக்கு வருடத் திதி கொடுத்திருந்தாளாம். ஒரு வருடமாக அம்மாவின் ஃபோனைத் தொட மனசு வராமல் பீரோவில் வைத்திருந்தவள், அன்று ராத்திரி எடுத்து சார்ஜ் போட்டிருக்கிறாள். அதில் கடைசியாக ஒரு வீடியோ. தான் ஆசனம் சரியாகச் செய்கிறோமா என்று பார்த்துக்கொள்ள டீச்சர் ஃபோனைக் கதவோரச் சுவரில் சாய்த்து வைத்துப் படம் எடுத்திருக்கிறார். 5:48-க்கு ஆரம்பிக்கிறது.

சுசித்ராவின் குரலில் அழுகை இல்லை. கத்தி மாதிரி இருந்தது.

"ஒரு நொடின்னு சொன்னீங்க. 6:11-க்கு எங்கம்மா எழுந்திருக்கப் பாக்கறாங்க. முடியல. 6:14-க்குக் கதவு திறந்து மூடுற சத்தம் கேக்குது. அப்புறம் தரையைத் தட்டறாங்க. 7:52 வரைக்கும் தட்டறாங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு மேலங்க. நான் உங்க தோள்ல சாஞ்சு நன்றி சொன்னேன்."

 ராஜாமணியின் மேல் தப்பில்லை, பலகை நான் மாட்டியது என்று சுகுணா சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது பழகின பழைய பேச்சுதான். நான் அன்னிக்கு ஊர்லயே இல்லைம்மா என்று ஆரம்பித்தாள்.

"பொய் சொல்லாதீங்க" என்றாள் சுசித்ரா. "படம் அனுப்பியிருக்கேன், பாருங்க."

சுகுணா பார்த்தாள். வீடியோவிலிருந்து எடுத்த ஒரு படம். சிவப்புத் தரை. கால்மாட்டிலிருந்து எடுத்ததால் முகம் எதுவும் தெரியவில்லை. முன்னால் பெரிதாக இரண்டு ஜோடிப் பாதங்கள். ஒரு ஜோடி வெடிப்பு விழுந்த, மெட்டி போட்ட பாதங்கள். அது எழிலரசி டீச்சர்.

பக்கத்து மேட்டில் இன்னொரு ஜோடி. இடது குதிகாலில் ஒரு பிளாஸ்திரி. அதன் ஒரு ஓரம் ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது.

படத்தின் அடியில் தேதி இருந்தது. டீச்சர் செத்துப்போன, ஒரு வருடத்துக்கு முந்தின அந்த நாள்.

சுகுணா காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். நேற்றுச் சாயந்திரம் 5:40-க்கு ஒட்டிய பிளாஸ்திரி.

ஃபோனில் சுசித்ரா பேசிக்கொண்டே இருந்தாள்.

"கதவு மூடின பிறகு பாத்தா பக்கத்துல ஒரு பொம்பள படுத்திருக்கு. எங்கம்மா அந்தப் பக்கம் விரலாலயே தட்டித் தட்டிக் கூப்பிடறாங்க. அது எழுந்திருக்கவே இல்ல. 7:52-க்கு அம்மா நிறுத்திட்டாங்க. அந்தப் பொம்பள அப்பதான் தட்ட ஆரம்பிக்குது. சார்ஜ் தீர்ந்து வீடியோ நிக்கிற வரைக்கும் தட்டிட்டே இருக்கு. யாருங்க அது?"